பதினாறு கொடுத்த வண்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம், டெக்ஸாஸில் காப்பெல் என்ற ஊரில் அக்கா வீட்டு முன்னால் டிரைவ்வேயில் அந்தப் பிக்கப் டிரக் பின்பக்கமாக மெல்ல ஏறி வந்து நின்றது. அதன் முதுகில் கேம்பர். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய ஒரு சின்ன அறையை அப்படியே டிரக்கின் பின்தொட்டிக்குள் சொருகி வைத்திருப்பார்கள். அதன் முன்பாகம் ஓட்டுபவரின் தலைக்கு மேல் பரண் போல நீட்டிக்கொண்டிருக்கும். அத்தான் இறங்கி, இடுப்பில் கைவைத்து முதுகை ஒரு முறை நிமிர்த்தினார். வாசலில் நின்ற நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "எவ்வளவு கொடுத்துச்சு அத்தான்?" அவரும் வழக்கம்போல முகம் மலர்ந்து, "பதினாறு!" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மட்டும் அங்கேயே நின்றேன். அந்த வண்டி, அந்தச் சுமையோடு, ஒரு கேலனுக்குப் பதினாறு மைல் கொடுக்க வாய்ப்பே இல்லை.

இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவர் தூரத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்பே மைலேஜ் விசாரித்துவிடுவோம். திருநெல்வேலியில் ஸ்கூட்டர் வைத்திருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், டெக்ஸாஸ் வந்தும் போகவில்லை. புது வண்டி வாங்கியவரிடம் இந்த ஊர்க்காரர்கள் நிறம் நன்றாயிருக்கிறது என்பார்கள். நாங்கள் "எவ்வளவு கொடுக்கும்?" என்போம். பதில் சொல்பவரும் யோசிப்பதில்லை. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வது போல வாய் தானாகச் சொல்லிவிடும்.

எனக்கு மென்பொருளைச் சோதிக்கிற வேலை. அடுத்தவர் எழுதியது எங்கோ தப்பாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு தினமும் உட்கார வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். பால் கேனில் அச்சடித்த தேதியைக்கூட, பாலை முகர்ந்து பார்த்த பிறகுதான் நம்புவேன். அத்தான் எனக்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் நம்புவார். பழைய கார் விற்கிறவன், கூரை மாற்றச் சொல்கிறவன், எல்லோரும் அவருக்கு நல்லவர்கள். மைலேஜ் ஒன்றில் மட்டும் அவர் யாரையும் நம்பியதில்லை. டிரக்கின் திரையில் வரும் எண்ணைப் பார்த்து, "அது நம்மள சந்தோஷப்படுத்துறதுக்குக் காட்டுது பிள்ள, கணக்கே வேற" என்பார். டேங்கை வழிய வழிய நிரப்பி, ஓட்டி, மறுபடி வழிய நிரப்பி, தானே வகுத்துப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. கேஸ் ஸ்டேஷனில் பம்பு தானாக நின்ற பிறகும் விடமாட்டார். எங்களைப் பின்பக்க பம்பரில் ஏற்றிவிட்டு வண்டியை ஆட்டச் சொல்வார். "டேங்குக்குள்ள காத்து நிக்கும், அது வெளிய வரணும்லா." பின்னால் காத்திருக்கும் அமெரிக்கர்கள் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். அக்கா முன்சீட்டில் தலையைக் குனிந்து போனைப் பார்ப்பது போல நடிப்பாள்.

கொரோனா நேரத்தில் ஹோட்டலில் தங்க எல்லோரும் பயந்தபோது வாங்கிய கேம்பர் அது. ஒரு முறை நானும் வீட்டுக்காரரும் அதை டிரக்கோடு இரவல் வாங்கிக்கொண்டு மேற்கு டெக்ஸாஸில் பிக் பெண்டு மலைப்பக்கம் போனோம். போகும்போது மேற்கே இருந்து எதிர்காற்று. தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பரண் காற்றை முகத்தோடு முகமாக வாங்கியது. மிதியை அழுத்த அழுத்த பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கியது. கேலனுக்கு ஒன்பதுதான் வந்தது. வரும்போது காற்று பின்னால் இருந்தும் பத்தைத் தாண்டவில்லை. பயந்துபோய் அத்தானிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "கேம்பர் ஏத்தினா அவ்வளவுதான். மெதுவா போனா பத்து, பத்தரை. இறக்கி வச்சிட்டு வெறும் டிரக்கை ஓட்டிப் பாரு, பதினாறு கொடுக்கும்." அதைச் சொன்னது அவரே. இந்த ஒரு விஷயத்தை நான் சோதித்துப் பார்க்காமலே நம்பினேன்.

அடுத்த சில வருடங்களில் அவருக்குப் பழைய கம்பெனி வேலை பிடிக்காமல் போனதாகவும், மிட்லண்டில் ஒரு எண்ணெய் நிறுவனத்தில் காண்ட்ராக்ட் கிடைத்ததாகவும் அக்கா சொன்னாள். காப்பெலில் இருந்து மேற்கே ஐந்து மணி நேர ஓட்டம். அங்கே தங்க வீடு கிடைப்பது கஷ்டம், கேம்பர் இருக்கும்போது கவலை என்ன என்று அவர் திங்கட்கிழமை காலையில் கேம்பரோடு கிளம்புவார், வெள்ளிக்கிழமை கேம்பரோடு திரும்புவார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். முதல் சில வாரங்கள் நான் மைலேஜ் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்ட வாரம் "பதினாறு" என்றார். சரி, வாய்தவறி வந்திருக்கும் என்று விட்டேன். அடுத்த வாரம் கேட்டேன். "பதினஞ்சு சொச்சம். கொஞ்சம் டிராபிக்." அதற்கடுத்த வாரம்தான் நான் மேலே சொன்ன வெள்ளிக்கிழமை.

அன்று அவர் உள்ளே போன பிறகு நான் வண்டியைச் சுற்றி வந்தேன். மேற்கு டெக்ஸாஸில் ஓடிய கேம்பரின் நெற்றியில் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். நாங்கள் போய்வந்தபோது சுரண்டி எடுக்கவே ஒரு காலைப்பொழுது ஆனது. இந்தக் கேம்பரின் நெற்றி சுத்தமாக இருந்தது. விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், காய்ந்த இலைத்துணுக்கு ஒன்று ஒட்டியது. அந்த வாரம் மிட்லண்டில் புழுதிப்புயல் என்று போனில் செய்தி பார்த்திருந்தேன். சாப்பிடும்போது, "அங்க டஸ்ட் ஸ்டார்மாமே அத்தான்?" என்றேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஆமா ஆமா, லேசா இருந்துச்சு" என்றார். வானம் சிவந்துபோய் ஸ்கூலை மூடிய புயல் அது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு வேற வேலை இல்லையா? மனுஷன் பெருமைக்கு ரெண்டு மைல் கூட்டிச் சொல்லியிருப்பான்" என்றார். அத்தான் வேறு எதிலும் கூட்டிச் சொல்வார், மைலேஜில் சொல்லமாட்டார் என்பதுதான் என் பிரச்சினையே. பதினாறு உண்மை என்றால், ஓடிய தூரத்தில் பெரும்பகுதி கேம்பர் அந்த டிரக்கின் மேல் இல்லை. கேம்பர் இல்லாமல் வாரம் முழுக்க அவர் எங்கே ஓட்டுகிறார்? கேம்பர் எங்கே நிற்கிறது? அதில் யார் இருக்கிறார்கள்? ஒக்லஹோமா எல்லையில் இருக்கும் சூதாட்ட விடுதி நினைவுக்கு வந்தது. அக்காவுக்குத் தெரியாத யாரோ ஒரு பெண் மனதில் வந்து நின்றாள். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர்களை நான் கூடுதலாகவே சந்தேகப்படுவேன். அவர்களை யாரும் சோதிப்பதில்லை அல்லவா.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள். குரலில் ஒரே உற்சாகம். மகள் ஆஸ்டினில் காலேஜுக்குப் போய்விட்டாள், வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது, நானும் மிட்லண்டுக்கே போய்விடப் போகிறேன் என்றாள். "வர்ற திங்கக்கிழமை ரிசைன் பண்ணுதேன். அவங்ககிட்ட சொல்லிராத, சர்ப்ரைஸ்." வேலையை விட்டால் அவளுடைய சம்பளமும் போகும், இன்சூரன்ஸும் போகும். அவர் சம்பளம் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவள் இதைச் செய்கிறாள். அப்படி ஒன்று இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் பொறுக்கா" என்றேன். "உனக்கு எல்லாத்துலயும் பயம்" என்று சிரித்தாள்.

மறுநாள் லீவு போட்டேன். அவர் கேம்பரை இறக்கி வைக்கிற இடம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வடக்கே முக்கால் மணி நேரத்தில் ஓர் ஏரிக்கரைப் பூங்கா. குடும்பமாகப் பலமுறை போயிருக்கிறோம். கருவாலி மரத்தடியில் கரண்ட் வசதி உள்ள ஒரு இடத்தைத்தான் அவர் எப்போதும் பிடிப்பார். காரைத் திருப்பும்போதே பார்த்துவிட்டேன். கேம்பர் தன் நான்கு இரும்புக் கால்களில் தனியாக நின்றது. டிரக் இல்லை. கதவைத் தட்டினேன். ஒரு பெண் வந்து திறப்பாள் என்று நெஞ்சைத் தயார் செய்துகொண்டு தட்டினேன். யாரும் திறக்கவில்லை. மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு டிரக் வந்தது. என்னைப் பார்த்ததும் அத்தான் எஞ்சினை அணைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தார். இன் பண்ணிய நீலச் சட்டை, கழுத்தில் பழைய ஆபீஸ் அடையாள அட்டையின் நாடா மட்டும்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பதினாறுன்னு சொன்னீங்கள்லா."

அவர் முகம் சட்டென்று மாறியது. மாட்டிக்கொண்டவனின் முகம் அல்ல அது, அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டவனின் முகம். "அது உண்மை பிள்ள. நான் டேங்கை ஃபுல் டு ஃபுல் போட்டுத்தான் பாத்தேன். பதினாறுதான் கொடுத்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேலையைப் பற்றிப் பொய், ஊரைப் பற்றிப் பொய், புயலைப் பற்றிக்கூடப் பொய். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குப் பொய் வரவில்லை.

வேலை அவரை விட்டுப் போய் மாதக்கணக்காகிவிட்டது. கிரீன் கார்டு இருந்ததால் நாட்டை விட்டுக் கிளம்பும் பயம் இல்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் மட்டும்தான். இரண்டு வாரத்தில் வேறு வேலை கிடைத்துவிடும், அதுவரை சமாளிக்கலாம் என்று மிட்லண்டை உண்டாக்கியிருக்கிறார். பழைய கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தைச் சம்பளம் போல மாதாமாதம் வீட்டுக் கணக்கில் போட்டிருக்கிறார். காலையில் கேம்பருக்குள் உட்கார்ந்து அப்ளை பண்ணுவார். யாராவது கூப்பிட்டால் வேக்கோ வரை, ஆஸ்டின் வரை வெறும் டிரக்கில் இன்டர்வியூவுக்குப் போவார். யாரும் கூப்பிடாத நாளில் உட்கார முடியாமல் கிராமத்துச் சாலைகளில் சும்மா ஓட்டுவார். "நீ சொல்லிராத. நானே நேரம் பாத்துச் சொல்லுதேன்" என்றார். அக்கா திங்கட்கிழமை வேலையை விடப் போகிறாள் என்றேன். அவர் எழுந்து டிரக்கைப் பார்த்து நடந்தார். நான் என் காரில் பின்னாலேயே போனேன்.

அக்கா அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவள் லேப்டாப்பை மூடினாள். கத்தவில்லை. "கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள். யாருமில்லை என்றார். "இவ்வளவு நாளா ஏரிக்கரையில தனியா உக்காந்திருந்தீங்களா? அத நான் நம்பணுமா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. நான் பார்த்தது பூட்டிய கதவைத்தான். "வண்டிய எடுங்க" என்றாள் அக்கா.

மூன்று பேரும் டிரக்கின் முன்சீட்டில் இடித்துக்கொண்டு போனோம். கேம்பருக்குள் முதலில் ஏறியவள் அக்கா. தட்டு எத்தனை என்று பார்த்தாள். படுக்கையில் தலையணை எத்தனை என்று பார்த்தாள். குளியல் மூலையில் சோப்பை எடுத்து முகர்ந்தாள். எல்லாம் ஒருவருக்கு உரியதாகவே இருந்தது. அவள் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். பிறகு அலமாரியைத் திறந்தாள். வியாழனுக்கும் வெள்ளிக்கும் இரண்டு சட்டைகள், அவள் அயர்ன் பண்ணி ஹேங்கரில் மாட்டியது மாட்டியபடி. கீழே அழுக்குப் பையில் கசங்கியவை.

"இன்டர்வியூவுக்கு ஒண்ணு போதும். இங்க எதுக்கு டெய்லி ஆபீஸ் சட்டை?"

அத்தான் வாசற்படியில் நின்றபடியே சொன்னார். "மடிப்புக் கலையாம திரும்பக் கொண்டாந்தா நீ கண்டுபிடிச்சிருவல்லா. அதான் தினமும் ஒண்ணப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அக்கா அந்த இரண்டு சட்டைகளையும் கையில் எடுத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். மறுபடி மாட்டிவிட்டு இறங்கிப் போய் டிரக்கில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் வேலையை விடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. பிறகு அவருக்கு ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் போய்வருகிறார், சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புகிறார். இருவரும் சேர்ந்து கோவிலுக்குப் போகிறார்கள், கொலுவுக்குக் கூப்பிடுகிறார்கள், மகளைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. சந்தேகத்தையே தொழிலாகக் கொண்ட நான்கூட எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். ஹாலில் அயர்ன் பலகையை விரித்து அத்தான் தன் சட்டைகளைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். காலரில் வரவே கூடாத இடத்தில் மடிப்பு விழுந்திருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய், "இன்னுமாக்கா நீ மன்னிக்கல?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேலை போனதச் சொல்லாம இருந்தத எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றாள். கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "வாராவாரம் அந்த இல்லாத ஆபீசுக்கு நான் நின்னு அயர்ன் பண்ணத, சோபாவுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க பாரு. அதத்தான் என்னால மன்னிக்க முடியல."