நான்காம் தளத்தில் விழுந்த காஜா

செங்கல்பட்டில் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்யும் ஃபைஸாவுக்கு நாற்பத்து மூன்று வயது. மணிகளை எண்ணாமல் ஊசியில் ஏற்றமாட்டார். கழுத்து வளைவில் மூன்று மணி மிஞ்சினால்கூடப் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். மகள் ஜன்னா கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுச் சென்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியையும் அவர் அப்படித்தான் பழகிக்கொண்டார்.

அதில் இருந்தது ஒரே விளையாட்டு. நான்கு பேர் நிலவறைக்குள் இறங்குவார்கள். பூதங்கள் எதிரே வரும். நால்வருக்கும் என்ன வேலை என்று நாம் சொல்லி முடிக்கும்வரை பூதம் காத்திருக்கும்; பிறகு அதன் முறை. அந்த நிதானம் ஃபைஸாவுக்குப் பிடித்துப்போனது. வரைபடம் கிடையாது. ஆரி டிசைன் போடும் கட்டத்தாளில், ஓர் அடிக்கு ஒரு கட்டமாக அவரே வரைந்தார். இரண்டு வருடத்தில் மூன்று தளம் முடிந்து, நான்காவது நடந்துகொண்டிருந்தது.

நால்வருக்கும் வீட்டார் பெயர். முன்னால் நின்று அடி வாங்கும் வாள்வீரன் காஜா, அவர் கணவர். மந்திரக்காரி ஜன்னா. காயம் ஆற்றுபவள் ஃபைஸா. பூட்டுத் திறக்கும் திருடி பானு, அதாவது மாடியில் குடியிருக்கும் நாத்தனார் ஷஹர்பானு.

"உலகத்துல எவ்ளோ வேல கீது, நான் திருடியாடி?"

"வேற யாருக்கும் பூட்டு தொறக்க வரலக்கா."

காஜா மொய்தீன் குட்டி யானை வண்டியில் ரஸ்க்கும் பிஸ்கட்டும் ஏற்றி, கடலோர டீக்கடைகளுக்குப் போடுபவர். மாமல்லபுரம் பக்கம் புயல் கரையைக் கடக்கும் என்று சொன்ன அன்றும் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டார். "மழைன்னா டீ குடிக்க மாட்டானுங்களா? இன்னும் ரெண்டு ரஸ்க்கு சேத்து தொட்டுப்பானுங்க" என்றார். பதினொரு மணிக்குத் திருவிடந்தையிலிருந்து பேசினார். காற்றின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

பிறகு கரண்ட் போயிற்று. ஊசி கோக்க வெளிச்சம் போதவில்லை. ஃபைஸா கருவியை எடுத்தார்.

நான்காம் தளத்தின் கடைசி மூலையில் இரண்டு எலும்புப் பூதங்கள். காஜாவின் உயிர் ஒன்பது புள்ளிக்கு இறங்கியிருந்தது. காயம் ஆற்றும் மந்திரம் இன்னும் ஒரு முறைக்குத்தான் மீதம். திரும்பும் வழிக்கு வேண்டுமே என்று அதை மிச்சம் பிடித்து, காஜாவை வெட்டச் சொன்னார். காஜாவின் வாள் தவறியது. பூதத்தின் முறை வந்தது. 'காஜா இறந்தார்' என்று ஒரு வரி.

அந்த விளையாட்டு சாவை அப்போதே பதிவுசெய்துவிடும். அணைத்துப் போட்டாலும் மாறாது. மற்ற மூவரையும் சண்டையிலிருந்து ஓடவைத்துவிட்டு, கணவரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று போன் செய்தார். சுவிட்ச் ஆஃப்.

மறுபடியும் செய்தார். சுவிட்ச் ஆஃப். ஏழாவது தடவையும் அதேதான். சகுனம் பார்ப்பது கூடாது என்று மகளுக்குச் சொல்லி வளர்த்தவர் அவர். அது நினைவு வந்தது, பயம் போகவில்லை.

விளையாட்டில், நிலவறைக்கு மேலே ஊரில் ஓர் ஆலயம் உண்டு. அங்கே கொண்டுபோனால் இறந்தவரை எழுப்புவார்கள். கட்டத்தாளைத் தொடைமேல் விரித்து, ஒவ்வொரு கட்டமாக எண்ணி நடந்தார். எது எதிரே வந்தாலும் ஓடினார். ஜன்னாவுக்கு ஒரு அடி விழுந்தபோது, மிச்சம் பிடித்த மந்திரத்தை உடனே போட்டார். கருவியில் சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. மூவரும் காஜாவின் உடலோடு ஆலயம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. போன் இன்னும் சுவிட்ச் ஆஃப்.

எழுப்புவது சில சமயம் பலிக்காது என்று அவருக்குத் தெரியும். விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிஸ்மில்லா சொல்ல வாயெடுத்தார். இதற்குச் சொல்வதா என்று நிறுத்திக்கொண்டு, அமுக்கினார்.

'காஜா சாம்பலானார்.'

ஷஹர்பானு படியிறங்கி வந்தபோது ஃபைஸா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஷஹர்பானு தலையில் கைவைத்தார்.

"பொம்மைக்கு எந்தம்பி பேர வெப்பியா நீ? பைத்தியம். போன்ல சார்ஜ் பூட்டிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன்டி, சாம்பலுக்கு அப்பால இன்னா?"

"இன்னொரு தபா எழுப்பலாம். அதுவும் வரலன்னா பேரே அழிஞ்சிடும்."

"அமுக்காத. கீழ வெய்யி அத."

இருவரும் மாற்றி மாற்றிப் போன் செய்தார்கள். நாலரை மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். காஜா மொய்தீன் தலையிலிருந்து நீர் ஒழுக உள்ளே வந்தார்.

"ரோட்ல மரம் சாஞ்சி மூணு மணி நேரம் நின்னுகினு இருந்தேன். போனு தண்ணில பூட்ச்சி. இன்னா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாரி கீறீங்க?"

ஷஹர்பானு தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். ஃபைஸா கருவியை நீட்டினார். காஜா மொய்தீன் படித்துப் பார்த்துச் சிரித்தார். "அடிப்பாவி, எரிச்சே போட்டியா? இன்னொரு தபா அமுக்குனா வருவனா?"

"வரலாம். வராமலும் போலாம். அதுக்கப்பறம் இல்ல."

காஜா மொய்தீனின் விரல் பொத்தானுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. விரலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் நான் அதே ரோட்லதான் போவணும். அப்பறமா பாத்துக்கலாம்."

ஐந்து மாதம் ஆகிறது. சாம்பல் ஆலயத்தில்தான் இருக்கிறது. ஃபைஸா மற்ற மூவரோடு முதல் தளத்திலேயே சுற்றுகிறார். முன்னால் நின்று அடி வாங்குவது இப்போது ஃபைஸா.