துரையின் மூக்கைப் பிடிப்பது

போன வாரம் கண்டியில், சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மலையில் காப்பிச் செடிகள் நோயில் செத்த பிறகு இது அடிக்கடி நடக்கிறது. உட்கார ஒரு நல்ல கதிரை கிடைக்குமா என்று பார்க்கப் போயிருந்தேன். யாரோ மேசை மேல் கிடந்த தோல் வாரைத் தூக்கி உதறினார். பழந்தோலும் எண்ணெயும் சவுக்காரமும் கலந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. கதிரையை விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். இத்தனை வருடத்து எரிச்சல் ஒரு வாசனையில் திரும்பி வரும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த வார், சவரக்கத்தி தீட்டுவதற்கானது. நீங்கள் நாவிதரிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவராக இருந்தால் கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் கவனித்ததில்லை. அதுதான் வினை.

அப்போது புசல்லாவைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில், செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. நாலு பேர் நடுவில் பேச வராத வாய். மனைவி பொன்னம்மாளுக்கு ஆறு மாதம். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்கு மானாப்புல் கூரை. அந்த வருட மழைக்கு அது கூரை என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. பாயை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நனையும்.

அந்த மழையில்தான் எங்கள் தோட்டத்துத் துரை குதிரையிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தினமும் மழித்தே பழகியவர். நாவிதரோ தோட்டத்துக்கு மாதம் இருமுறைதான் வருவார். பங்களாச் சமையல்காரர் சந்தியாகு அண்ணனுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம். கோழியைக்கூட வேறு ஆள்தான் அறுத்துக் கொடுக்க வேண்டும். கங்காணி என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நல்ல கைங்க தொரை. ஒரு வெட்டு வீணாப் போவாது."

அவர் காப்பிக் கிளையை நினைத்துச் சொன்னார். துரை என் கையைத் திருப்பிப் பார்த்தார். சரியாகச் செய்தால் பங்களாவிலேயே வேலை, சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம் என்றார். ஓடு வேய்ந்த அறை.

பொன்னம்மாளிடம் வந்து சொன்னேன்.

"அந்த ரூமு ஒழுகாதில்ல?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு மழிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.

முதல் நாளே வாரை அறுத்தேன். கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டும்போது கூர்ப்பக்கத்தை முன்னால் வைத்துத் தள்ளுவோம். அதே பழக்கத்தில் சவரக்கத்தியையும் தள்ளினேன். தோலில் ஒரு வாய் திறந்தது. சந்தியாகு அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மாட்டை ரெண்டாந் தடவ கொல்லுறியேப்பா."

கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் இழுபட்டு வர வேண்டும். வாரின் முனையில் திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்ட வேண்டும். வாரைத் தொய்ய விட்டால் இருக்கிற கூரும் மழுங்கிவிடும். அழுத்தவே கூடாது. இவ்வளவையும் ஒவ்வொரு கூராகக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். கெட்டதைத் துரையே இடது கையால் கல்லில் தேய்த்துச் சரிசெய்தார். வாயில் என்னென்னவோ சொன்னார். நல்லவேளை, இங்கிலீஷில்.

தீட்டுவது பரவாயில்லை. மழிப்பது இன்னும் மோசம். கத்தியைக் கன்னத்தோடு சாய்த்துப் பிடிக்க வேண்டும். முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் கனம்தான் இருக்கலாம். அது எனக்கு வந்துவிட்டது. வராதது இடது கை. அந்தக் கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், மேலுதட்டுக்கு மூக்கைத் தூக்க வேண்டும். துரை வந்தால் பாதையை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் நாங்கள். அவர் மூக்கை எப்படிப் பிடிப்பது? என் இடது கை தானாகவே இடுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பிடிப்பில்லாத தோலில் கத்தி தாவும். தினமும் இரண்டு கீறல்.

"தொடு," என்பார் துரை. "நான் கடிக்காது."

தொட்டேன், ஒரு விரல் நுனியால், அடுப்பில் இருக்கிற சட்டியைத் தொடுவது போல. அன்று மூன்று கீறல்.

லயத்தில் வேறு பேச்சு. "மாப்ள, இந்த ஞாயித்துக்கெளம எங்களுக்கும் மழிச்சு விட்டுரு," என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சிரிப்பார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பிறகு துரை, கையை டாக்டரிடம் காட்டக் கண்டிக்குப் போனார். இரண்டு வாரம் தங்கினார். அந்த இரண்டு வாரமும் சந்தியாகு அண்ணன் தன் முகத்தைக் கொடுத்தார். எதற்குக் கொடுத்தார் என்று இன்றும் தெரியாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்காருவார்.

"ரத்தம் வந்தாச் சொல்லாத. தொடச்சிட்டு, முடிஞ்சிருச்சுன்னு மட்டும் சொல்லு. மூக்கப் பிடிப்பா, அது உன் மாமியா மூக்கா?"

பிடித்தேன். ஐந்தாம் நாள் இடது கை தானாகவே மூக்குக்குப் போனது. பத்தாம் நாள் ஒரு கீறல்கூட இல்லை. பொன்னம்மாள் அதற்குள் சட்டி பானைகளைக் கழுவி ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டாள்.

துரை வந்த மறுநாள் காலை வெந்நீர், சவுக்காரம், தீட்டிய கத்தி எல்லாம் தயார். துரை வந்து உட்கார்ந்தார். இரண்டு வாரத்துச் செந்தாடி முகத்தில் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"வேணாம். கண்டியிலே எல்லா துரையும் தாடி. நானும் தாடி."

அவ்வளவு தூரம் பழகிய இடது கை அந்தரத்தில் நின்றது. அறையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, மறந்திருப்பார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதான். அவர் மூக்கைப் பிடிக்கப் பழகியவனுக்கு அவரிடம் வாய் திறக்கப் பழக்கமில்லை. வெந்நீரைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு வந்தேன்.

"கேட்டீங்களா?" என்றாள் பொன்னம்மாள்.

"இல்ல."

அவள் சாக்கை அவிழ்த்துச் சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒழுகுகிற இடங்களில் வைத்தாள். மகள் அந்தச் சட்டிகளுக்கு நடுவில்தான் பிறந்தாள். நல்லபடியாகத்தான் வளர்ந்தாள். ஆனால் அன்றிலிருந்து, எங்கேயும் போய் எதையும் கேளுங்கள் என்று பொன்னம்மாள் என்னிடம் சொன்னதில்லை. வேண்டியதை அவளே போய்க் கேட்டுக்கொள்வாள்.

பிறகு காப்பி இலையில் மஞ்சள் பூத்து மலை முழுக்கக் காய்ந்தது. எங்கள் துரை தாடியோடு கப்பல் ஏறினார். சந்தியாகு அண்ணன் தெல்தெனியப் பக்கம் போனார் என்றார்கள். அதற்குமேல் தகவல் இல்லை. சென்ற வருடம் அந்த வழியாக நடந்து போனேன். பங்களாவை இடித்துவிட்டார்கள். சமையற்கட்டும் அதன் பின்னால் இருந்த அறையும் இருந்த இடத்தில் தேயிலை நாற்று நிற்கிறது. லயத்தை மட்டும் இடிக்கவில்லை. வாசலில் ஒரு பெண் சட்டியில் நிரம்பிய மழைத்தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, சட்டியோடு திரும்ப உள்ளே போனாள்.