கர்த்தருக்கு மட்டும் சொன்ன ஜெபக்குறிப்பு

என் மகள் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் இருப்பது சிட்னியில், நான் இருப்பது மெல்பேர்னில். ஏறி உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்பதற்குள் விமானம் இறங்கிவிடும். ஆனால் அந்த ஏழு மாதமும் அவள் சந்திரனில் இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான். காரணம் நான். இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது. மற்றவர்கள் சபையில் சொல்லும் சாட்சிகளில் வியாதி வரும், விபத்து வரும், கெட்ட முதலாளி வருவான். என்னுடைய சாட்சியில் வருவதெல்லாம் என் வாய்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் டண்டினொங்கில் இருக்கிறேன். கோல்ஃபீல்ட் பக்கத்தில், யூத முதியவர்கள் வாழும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் பதினொரு வருடமாகச் சாப்பாடு பரிமாறும் வேலை. கணவர் அதிகம் பேசாதவர். அவருடைய பங்கையும் நானே பேசிவிடுவேன். எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் ஜெபக் குழுவுக்கு வாட்ஸ்அப் அட்மினாகவும் இருந்தேன். ஒரே மகள். மற்றச் சபைகளிலும் இதை வாசிப்பார்கள் என்பதால் அவளை இங்கே ஷரோன் என்று அழைக்கிறேன்.

ஷரோன் கலியாணம் முடித்து மூன்று வருடம். போன வருடம் பெப்ரவரியில் ஒரு நாள் அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். பிள்ளைக்காக வைத்தியம் தொடங்கியிருக்கிறார்களாம். முதல் முறை சரிவரவில்லையாம். கடைசியில் ஒன்று சொன்னாள்:

“அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மாமிக்கும் தெரியாது. ப்ளீஸ்.”

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஜெபக் குழுவில் போட்டுவிட்டேன்.

பெயர் போடவில்லை. அதுதான் என் கெட்டித்தனம். மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குக் கலியாணம் முடித்துப்போன ஒரு சகோதரி, பிசியோதெரபிஸ்ட், மூன்று வருடமாகக் கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருக்கிறார், வைத்தியம் பலிக்க ஜெபியுங்கள் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் குழு முழுவதும் ஆமென் மழை. கூடவே தனியாக மூன்று பேர், “ஷரோனுக்கோ?” என்று கேட்டிருந்தார்கள். என் மூளை அப்போது எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் குழுவிலிருந்த புஷ்பம் அன்ரி சிட்னியில் செவன் ஹில்ஸுக்குக் குடிபோனவர். மெல்பேர்னை விட்டுப் போனாரே தவிரக் குழுவை விட்டுப் போகவில்லை. அடுத்த மாதம் அங்கே ஒரு பிறந்தநாள் விழா. ஷரோனும் மாமியாரோடு போயிருக்கிறாள். கேக் வெட்டும் நேரம் புஷ்பம் அன்ரி நேரே வந்து என் பிள்ளையின் வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடி, மண்டபத்துக்கே கேட்க ஜெபித்தார். மாமியார் பக்கத்தில் நின்றார். கேக் வெட்ட வந்தவர்கள் கத்தியைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார்களாம்.

அன்று பின்னேரம் ஷரோன் எனக்குப் போன் எடுத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “அம்மா, அது உங்கட கதை இல்லை. என்ர கதை,” என்றாள். வைத்துவிட்டாள். அதோடு சரி.

நான் திருந்தினேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எனக்கு அவள்மேல்தான் கோபம். ஜெபிக்கத்தானே சொன்னேன், ஊர்வம்பா பேசினேன் என்று வீட்டுக்குள் நடந்து நடந்து கத்தினேன். அதோடு விட்டேனா? குழுவில் இன்னொரு குறிப்பும் போட்டேன். கடினப்பட்ட ஒரு மகளின் இருதயம் இளக ஜெபியுங்கள் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தன் போனில் அதைப் பார்த்தார். குழுவிலிருந்த யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். “அதையும் போட்டிட்டியோ?” என்றார். பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய்விட்டார். கதிரையை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். அவ்வளவு மரியாதையாகப் போனதுதான் எனக்குச் சுட்டது.

தினமும் ஜெபித்தேன். கர்த்தாவே, அவளை மாற்றும். அவளுக்குப் புத்தி கொடும். காலையும் மாலையும் இதே பல்லவி. ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சபை வாசலில் “மகள் எப்படி?” என்று கேட்டார்கள். “நல்லாயிருக்கிறாள்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எனக்கே தெரியாது, எப்படி இருக்கிறாள் என்று. சாப்பிட்டாளா, மறுபடி வைத்தியம் செய்தாளா, மாமியாரோடு என்ன பாடு படுகிறாள், ஒன்றும் தெரியாது. பெற்ற தாய்க்குத் தெரியாது.

அப்போது குளிர்காலம். எங்கள் இல்லத்தில் வெள்ளிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த வாரத்துக்குரிய மோசேயின் ஆகமப் பகுதியை வாசித்து விளக்கம் சொல்வார்கள். வாசிக்க வருபவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர், என் வயதுக்காரர். பஸ் நேர அட்டவணை வாசிப்பதுபோல வாசிப்பார். அவர் முடிக்குமட்டும் நான் சூப் ட்ரொலியோடு ஓரமாக நிற்கவேண்டும். சூப் ஆறினால் ஏச்சு எனக்குத்தான், அவருக்கு இல்லை. எனவே வழக்கமாக நான் கேட்பது மணிக்கூட்டின் சத்தத்தை மட்டும்.

அன்றைக்கு அவர், இன்றைய பாடம் அடக்க ஒடுக்கம் பற்றியது என்றார். உடனே காதைத் தீட்டிக்கொண்டேன். ஒருவராவது உடுப்பைப் பற்றிப் பேசட்டும் என்று. அதற்கு முந்தின நத்தார்ப் பண்டிகைக்குக் கையில்லாத ரவிக்கையோடு சபைக்கு வந்தாள் என்று ஷரோனோடு வாசலில் நின்று சண்டை பிடித்தவள் நான். நல்ல வசனம் கிடைத்தால் எழுதி வைக்கலாம் என்று பேனாவையும் எடுத்தேன்.

அன்றைய பகுதி, கழுதை வாய் திறந்து பேசிய கதை. வேதாகமத்தில் நமக்கும் தெரிந்ததுதான். அந்தக் கழுதையின் சொந்தக்காரனான தீர்க்கதரிசியை, இஸ்ரவேல் ஜனங்களைச் சபிக்கச் சொல்லி ஒரு ராஜா கூப்பிடுகிறான். அவன் மலையில் ஏறிக் கீழே பார்க்கிறான். வனாந்தரத்தில் கூடாரங்கள். சபிக்கத் திறந்த வாயால் ஆசீர்வதித்துவிடுகிறான். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. ஏன் ஆசீர்வதித்தான் என்பதற்கு அவர்களுடைய முன்னோர் ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார்களாம். அதை நான் கேட்டதே இல்லை. அந்தக் கூடாரங்களின் வாசல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கவில்லையாம். ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குள் பார்க்காதபடி திருப்பித் திருப்பி அடித்திருந்தார்களாம். அதுதான் அடக்கம் என்றார் பல் வைத்தியர். சட்டைக் கையின் நீளத்தில் தொடங்கி அங்கேயே முடிகிற காரியம் இல்லை, பார்க்க முடிந்தாலும் பார்க்காமல் இருப்பது, சொல்ல முடிந்தாலும் சொல்லாமல் இருப்பது என்றார்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. வேலையாள் கேள்வி கேட்கக்கூடாது. கேட்டேன். அப்படியானால் உள்ளே ஒருத்தி கஷ்டப்பட்டால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். தேவை என்றால் அவளே வெளியே வந்து சொல்வாள், அதுவரைக்கும் கடவுளுக்கு மேலேயிருந்து தெரியும்தானே என்றார். பிறகு சாவகாசமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சூப் ஆறிவிட்டது. ஏச்சும் கிடைத்தது. நான் பாத்திர அறைக்குப் போனேன். அங்கே பால் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு, இறைச்சிச் சாப்பாட்டுக்கு வேறு தட்டு. யூதருடைய முறைப்படி இரண்டும் கலக்கக்கூடாது. பதினொரு வருடமாக ஒரு கரண்டியைக்கூட நான் மாற்றி வைத்ததில்லை. அந்தத் தட்டுகளுக்கு முன்னால் நின்று அழுதேன். கரண்டியில் இருந்த கவனம் என் பிள்ளை நம்பிச் சொன்ன சொல்லில் இருக்கவில்லையே. அன்றைக்குத்தான் முதல்முறை ஜெபத்தை மாற்றினேன். அவளை விடும் ஆண்டவரே, என் வாயைப் பிடியும் என்றேன்.

அட்மின் பொறுப்பை இன்னொரு சகோதரியிடம் கொடுத்தேன். ஷரோனுக்கு மூன்று வரி எழுதினேன். நான் செய்தது பிழை, மன்னித்துக்கொள், நீ பேசும்வரை காத்திருப்பேன் என்று. வசனம் போடவில்லை. ‘ஆனால்’ போடவில்லை. பதில் வரவில்லை. வாயை அடக்குவது லேசான வேலை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். சபையில் ஒரு குடும்பத்தின் விஷயம் ஒன்று என் கண்ணில் பட்டது. முன்பென்றால் ரயில் டண்டினொங் வருவதற்குள் குழுவில் போட்டிருப்பேன். போனைக் கைப்பைக்குள் வைத்து அதன்மேல் கை வைத்துக்கொண்டு வந்தேன். என்ன விஷயம் என்று இப்போதும் எழுதமாட்டேன்.

செப்டம்பரில் புஷ்பம் அன்ரி போன் எடுத்தார். சுகம் விசாரித்தார், காலநிலை விசாரித்தார், பிறகு வந்த காரியத்துக்கு வந்தார். “பிள்ளைக்கு ஏதும் விசேஷமோ? ஜெபிக்கத்தான் கேக்கிறன்.”

ஜெபிக்கத்தான். என் சொந்த வசனம் எனக்கே திரும்பி வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மகள் என்னோடு பேசுவதில்லை என்று சொல்லி ஒருமூச்சு அழவும் ஆசையாக இருந்தது. “அது அவளின்ர கதை அன்ரி, என்ர இல்லை,” என்றேன். மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். மூன்று முறையும் அவருடைய முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

கர்த்தர் பதில் கொடுத்த விதத்தைக் கேளுங்கள். அந்தக் கோபத்தோடேயே புஷ்பம் அன்ரி செவன் ஹில்ஸில் ஒரு கடையில் ஷரோனைப் பிடித்திருக்கிறார். உன்ர அம்மாவுக்கு இப்ப சரியான பெருமை, ஒன்றும் சொல்கிறாள் இல்லை என்று முறைப்பாடு வைத்திருக்கிறார். நான் எத்தனை பேரைக்கொண்டு சொல்லுவித்தாலும் ஷரோன் நம்பியிருக்கமாட்டாள். புஷ்பம் அன்ரி சொன்னதால் நம்பினாள்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை நான் குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். போனில் அவள் பெயர் வந்தது. கை ஈரத்தோடு எடுத்தேன்.

“அம்மா, புஷ்பம் அன்ரிக்கு என்ன சொன்னனீங்கள்?”

“ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை.”

“ஓம். அதைத்தான் அவவும் சொன்னவ,” என்றாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நான் அழுதேன். லீக்ஸ் அப்படியே கிடந்தது.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். பழைய கதையைப் போடலாமாம், “மெல்பேர்ன் முழுக்கத் தெரியும்தானே அம்மா” என்றாள். அந்தக் குத்து எனக்குத் தேவைதான். இரண்டு வரியை வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை போனை வைக்குமுன் அவள், “உங்களுக்கு மட்டும் ஒண்டு சொல்லவோ?” என்று கேட்டாள். சொன்னாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி முழங்காலில் நின்று, ஏற்கெனவே தெரிந்தவரிடம் அதைச் சொன்னேன். கணவர் கேட்டார். அவளே உங்களுக்குச் சொல்லுவாள் என்றேன். அடுத்த கிழமை அவளே சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று கேட்டு ஞாயிறு தோறும் என்னைச் சுற்றி நிற்கும் சகோதரிகளே, தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கும், அதற்கும் ஒரு கண்ணீர் இருக்கும். ஒருமுறை அதைக் கர்த்தருக்கு மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்பதற்குக் குழு தேவையில்லை. என் மகள் இப்போது செவ்வாயும் சனியும் எனக்குப் போன் எடுக்கிறாள். நான் அறிவிக்கக்கூடியது அவ்வளவுதான்.