கருங்கல் எட்சனும் எதிர்க்கடை ரிஜ்வானும்

கருங்கல்லில் சந்தைக்குப் போகிற ரோட்டோரம் இருபத்திரண்டு வருடமாகக் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற எட்சனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. ரிஜ்வான்தான் உண்டு. தேங்காய்ப்பட்டணத்துப் பையன். ஷார்ஜாவில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, போன வருடம் சரியாக எட்சன் கடைக்கு எதிரே ஏசி, ஸ்கேனிங் என்று போர்டு போட்டு உட்கார்ந்துவிட்டான். ஊரில் வேறு இடமே இல்லையா என்று எட்சன் கேட்காத ஆள் பாக்கி இல்லை.

கையில் ஸ்பானர் இருந்தாலும் கண் எதிரேதான் இருக்கும். அங்கே எத்தனை வண்டி நிற்கிறது, அதில் முன்பு தன்னிடம் வந்துகொண்டிருந்தவை எவை என்று பார்த்துப் பார்த்து வயிறு எரிவான். ரிஜ்வான் மெஷினைச் செருகி ஐந்து நிமிடத்தில் பழுதைச் சொல்லிவிடுகிறானாம். "மெஷின் சொல்லுகத வாசிக்கதுக்கு எதுக்குடே மெக்கானிக்கு?" என்பான் எட்சன். சொல்லிவிட்டு, அந்த மெஷின் என்ன விலை என்று போனில் தேடிப் பார்த்ததும் அவன்தான். சண்டை பிடிக்க ஒரு காரணமாவது அந்தப் பயல் கொடுக்கக் கூடாதா? ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் "அண்ணே, சொகமா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அதற்கும் எட்சனுக்கு எரிச்சல்தான்.

அவனுக்கென்று மிஞ்சியிருந்த பெரிய வாடிக்கை கிளாரா டீச்சர். பன்னிரண்டு வருடமாக அவர் காரில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் எட்சன்தான். பள்ளிக்கூடத்தில் பாதி டீச்சர்மாரின் வண்டிகள் அவர் வாக்கை நம்பித்தான் வருகின்றன. அவர் போனால் அத்தனையும் எதிர்க்கடைக்குப் போகும். அந்த டீச்சரே போன மாதம் ஏசி குளிரவில்லை என்று ரிஜ்வானிடம் போய்வந்தது தெரிந்த அன்று எட்சன் மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இண்டிகேட்டர் சுவிட்ச் மாற்ற வேண்டும் என்று டீச்சர் வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வேலையை முறையாகத்தான் தொடங்கினான். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தான். ஏர்பேக்கை எடுத்து வைத்தான். ஸ்டீயரிங் வீலிலும் அதன் தண்டிலும் நேருக்கு நேராக வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டு வீலைக் கழற்றினான். திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அந்தோணியார் தேர் வந்துவிட்டது. டீச்சரின் கார் பாதி ரோட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. முன்னால் கொடி பிடித்து வந்தவர்கள், "அண்ணே, வண்டிய உள்ள தள்ளுங்க, தேர் போவாது" என்று சத்தம் போட்டார்கள். வீல் இல்லாத தண்டை எட்சன் வைஸ் கிரிப் குறட்டால் இறுக்கிப் பிடித்துத் திருப்பி, டயரை ஒடித்து, நாலு பேரைக் கூட்டிக் காரை உள்ளே தள்ளினான். எதிரே ரிஜ்வான் தேரோடு வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தான். சர்ச்சுக்குப் போகிற தனக்குத் தோன்றாதது இவனுக்குத் தோன்றிவிட்டதே என்று அதையே பார்த்துக்கொண்டு புது சுவிட்சைப் போட்டு, வீலையும் மாட்டினான் எட்சன். கோடும் கோடும் சேர்ந்தன.

சேரத்தான் செய்யும். தண்டு முழுதாக ஒரு சுற்று சுற்றி, கோடு பழைய இடத்துக்கே வந்து நின்றிருந்தது. வீலுக்கு அடியில், வீலோடு சேர்ந்து சுற்ற வேண்டிய கிளாக் ஸ்பிரிங் என்கிற ரிப்பன் சுருள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் வீலில் உள்ள பாட்டு பட்டன்களுக்கும் அந்தச் சுருள் வழியாகத்தான் ஒயர் போகிறது. டயரை நேராக்கிவிட்டுத்தான் வீலை மாட்ட வேண்டும். இல்லையென்றால் சுருள் ஒரு பக்கம் நீளம் போதாமல் அறுந்துவிடும். இது எட்சனுக்குத் தெரியாததல்ல. புத்தி மோர்ப் பானையில் கிடந்தது. ஹாரன் அடித்தது, பட்டன்கள் வேலை செய்தன, வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் திரும்பி வந்தார்.

"எட்சா, பள்ளிக்கூட கேட்டுல இடது பக்கமா முழுசா ஒடிச்சேன். டக்குன்னு ஒரு சத்தம். ஹாரன் இல்ல, பட்டன் ஒண்ணும் வேல செய்யல்ல, ஏர்பேக் லைட்டு வேற எரியுது. என்னத்த செய்து வச்சே?"

கேட்டவுடனே எட்சனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். கண் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று.

"நான் சுவிட்சு மட்டுந்தான் டீச்சர் மாத்தினேன். ஏசிக்குன்னு அவன் டேஷ்போர்டக் கழத்தினாம்லா? அதுல ஒயரப் பிடிச்சு வலிச்சிருப்பாம். அவங்கிட்டயே கேளுங்க."

டீச்சர் கேட்கத்தான் போனார். அவர் கையை ஆட்டி ஆட்டி ஏசுவதையும் ரிஜ்வான் தலைகுனிந்து நிற்பதையும் எட்சன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தான். ஒரு வருடமாக எரிந்த வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ரிஜ்வான் ஸ்டீயரிங் வீலைக் கழற்றினான். எட்சன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். சுருள் எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்று பார்த்தாலே, வீலை மாட்டியவன் செய்த தப்பு தெரிந்துவிடும். ரிஜ்வான் தலையைத் தூக்கி ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தான்.

புதுச் சுருள் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும், ரிஜ்வான் சண்டைக்கு வந்தால் என்ன பதில் சொல்வது என்று எட்சன் தயாரித்துக்கொண்டிருந்தான். ரிஜ்வான் வரவில்லை. வியாழக்கிழமை டீச்சர்தான் காரை எட்சன் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எல்லாம் சரியாச்சு எட்சா. அந்தப் பயல நான் வீணா ஏசிப்போட்டேன். பழைய வண்டி, ரிப்பன் தானா அத்துப்போச்சு, யாரு மேலயும் தப்பில்லன்னு சொல்லுதாம். எட்சண்ணன் கை வச்சா பிசகாதுன்னும் சொன்னாம்."

எட்சன் தப்பித்துவிட்டான். டீச்சரும் போகவில்லை, பெயரும் போகவில்லை. ஆனாலும் நெஞ்சு கொதித்தது. ரிஜ்வான் தொழிலில் ஜெயித்தான், போகட்டும். நல்லவன் என்ற பெயரையும் அவனே எடுத்துக்கொள்வானா? அதை மட்டும் விடக்கூடாது.

"டீச்சர், தப்பு எங்கிட்டதான். வீல மாட்டினப்ப ஒரு சுத்து பிசகிப்போச்சு. அவம் மேல நான் சொன்னது பொய்யி" என்றான் ஒரே மூச்சில். இவ்வளவு பெரிய உண்மையை யார் சொல்வார்கள்? டீச்சர் அசந்துபோவார் என்று நிமிர்ந்து நின்றான்.

டீச்சர் அசந்துதான் போனார். திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தார்.

"அப்போ ஒன்னக் காப்பாத்தவா எனக்க ஏச்ச எல்லாம் வாங்கிட்டு நின்னாம்? எப்பேர்ப்பட்ட பிள்ளடே அது!"

காரை எட்சன் கடை முன்னாலேயே விட்டுவிட்டு, டீச்சர் ரோட்டைக் கடந்து ரிஜ்வானிடம் போனார்.