சிவப்புக் கூட்டில் வந்த கட்டி

யாழ்ப்பாணம் குருநகர் அடைக்கலநாதன், எலிக்காக அழுத மனிதர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயருக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

எண்பத்தாறில் சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்தபோது, ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நண்டு பிடித்துப் பழகிய கை. வெள்ளெலிகள் அதில் முரண்டு பிடிக்கவில்லை. அங்கே செல்வநாயகி மிஸ் புற்றுநோய் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். புற்றுக் கட்டியை வரவைக்கும் ஓர் இரசாயனத்தை நல்லெண்ணெயில் கரைத்து, சிவப்புக் கூட்டு எலிகளுக்கு ஊட்டுவதாகத் திட்டம். பச்சைக் கூட்டு எலிகளுக்கு வெறும் நல்லெண்ணெய். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஊட்டும் நாள் காலை, பிசுபிசுத்த இரண்டு போத்தல்களையும் துடைப்பதற்காக, அவற்றின் கழுத்தில் கட்டியிருந்த பெயர் அட்டைகளை அடைக்கலநாதன் கழற்றினார். அந்த நேரம் பார்த்து ஆமியின் ஹெலி சுட்டுக்கொண்டு வந்தது. எல்லோரும் பங்கர் குழிக்குள் ஓடினார்கள். திரும்பி வந்து, அவசர அவசரமாக அட்டைகளைக் கட்டினார். ஊட்டி முடிந்ததும், "மிச்ச எண்ணெயைக் கொட்டுங்கோ அண்ணை" என்றார் மிஸ். எண்ணெயைக் கண்ணால் காண்பதே அரிதான காலம். கொட்ட மனம் வருமா? வெறும் எண்ணெய் என்று அட்டை சொன்ன போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி யசிந்தா கத்தரிக்காய் பொரித்தாள். பிள்ளைகள் கோப்பையை வழித்துத் தின்றார்கள்.

கை கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது. அட்டைகளை மாறிக் கட்டியிருந்தால்?

மிஸ்ஸிடம் சொன்னால் வேலை போகும். யசிந்தாவிடம் சொன்னால் உயிரே போகும். கட்டி எந்தக் கூட்டில் வருகிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சிவப்பில் வந்தால் பிள்ளைகள் தப்பினார்கள். பச்சையில் வந்தால் என்று யோசிக்கவே அவர் பயந்தார். காலையில் எலிகளைத் தடவிப் பார்ப்பார், மாலையில் பிள்ளைகளை. "உங்களுக்கென்ன விசரே?" என்பாள் யசிந்தா. எலிக்குக் கட்டி வரவேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

வாரக்கணக்காக இரண்டு கூட்டிலும் ஒன்றுமில்லை. மனுசன் பாதியாய் இளைத்துப்போனார்.

ஒருநாள் சிவப்புக் கூட்டு எலியொன்றின் மார்போரம் பயறளவில் ஏதோ விரலுக்குத் தட்டுப்பட்டது. பக்கத்து எலியிலும் அப்படியே. பச்சைக் கூட்டு முழுவதையும் தடவித் தடவிப் பார்த்தார். எல்லாம் சுகமாக இருந்தன. முதல் எலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

ஓடிவந்த மிஸ்ஸுக்கும் கண் கலங்கியது. "அழாதையுங்கோ அண்ணை. உதுகளுக்காக இப்பிடி அழுற ஒருத்தரையும் நான் காணேல்லை."

"ஓம் மிஸ்," என்றார் அடைக்கலநாதன், மூக்கைச் சிந்தியபடி.

அன்று மத்தியானம் தன்னுடைய பாணில் பாதியைப் பிய்த்து அந்த எலிக்குக் கொடுத்தார். தன் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று அவர் கும்பிட்டது அதற்குத்தான் வந்திருந்தது.