வாத்து மேய்க்க பஸ்ஸில் போகிறவள்

தினமும் காலையில் சங்கரன்கோவில் பஸ்ஸில் கம்பும் தூக்குவாளியுமாக ஒருத்தி ஏறினால் பயப்பட வேண்டாம். அவள் என் சித்தி கோமதித்தாய். கரிவலம்வந்தநல்லூரில் இறங்கி வாத்து மேய்ப்பாள்.

“யக்கா, பொம்பளையளுக்கு ஃப்ரீ. கம்புக்கு லக்கேஜ் போடணும்” என்பார் கண்டக்டர்.

“கம்பும் பொம்பளதாம்வே. முதுகுல வாங்கிப் பாரும், தெரியும்.”

எங்கள் ஊர் சிவகிரிப் பக்கம். மழையில்லா வருஷங்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் ஆட்களுக்குத் தண்ணீரென்றால் பேராசை. குளம் நிறையத் தொடங்கியதும், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் மறுகாலை மணல்மூட்டையால் அடைத்துவிட்டார்கள். ஒரு சொட்டு கீழே போகக் கூடாதாம். முன்பெல்லாம் மழை ஐப்பசி, கார்த்திகை என்று பிரித்துப் பெய்யும். இப்போது மார்கழியில் வந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டுகிறது. கரை உடைந்தது. மழை பெய்து குளம் வற்றிய அதிசயம் எங்கள் ஊரில்தான். சேற்றில் துடித்த மீன்களுக்காக நாரைகள் வந்தன. தின்று முடித்ததும் கிளம்பிவிட்டன. ஆம்பல் கருகியது. தவளைச் சத்தம்கூட இல்லை.

சித்தி வீட்டில் அடுப்பெரிவது வாத்துமுட்டை விற்றுத்தான். வாத்துகளோ வெள்ளத்தோடு கரிவலம்வந்தநல்லூர்க் கீழ்க்குளம் போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கே தண்ணீர் வயலுக்குள் ஏறி முத்துக்கிருஷ்ணன் அண்ணாச்சியின் நெல் அழுகிவிட்டது. வடிந்ததும் மறுபடி நட்டார். அந்த நாற்றைச் சித்தியின் வாத்துகள் மிதித்தன. வாத்துகளை ஓட்டிப் போகச் சொல்லிச் சித்திக்கு ஆள் விட்டார்.

நானும் சித்தியும் போனபோது அவர் தவிட்டை வைத்துக்கொண்டு “பா... பா...” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

“ஏலே மூதேவியளா! வாரியளா, காலை முறிக்கவா?” என்றாள் சித்தி. எல்லாம் வரிசையாக ஆடிக்கொண்டு வந்தன.

“ஏம்மா, வஞ்சாத்தான் வருமோ?”

“நல்லாச் சொன்னா யாரு கேக்கா அண்ணாச்சி? மூட்டையை எடுங்கன்னு எங்க ஊர்ல நல்லாத்தான் சொன்னேன்.”

லோடு ஆட்டோ தயாராக நின்றது. சித்தி நகரவில்லை.

“ஏன் சித்தி நிக்கே?”

“எங்கனட்டி கூட்டிட்டுப் போக? அங்க இதுக கால் நனையக்கூடத் தண்ணி இல்லியே.”

அண்ணாச்சி தலையிலடித்துக்கொண்டார். பிறகு ராத்திரிக்கு வாத்துகளை அடைக்கப் பழைய மோட்டார் ரூமைத் திறந்துவிட்டார். “நாத்துல ஒரு கால் பட்டாலும் குழம்பு வச்சிருவேன்.” அதனால்தான் சித்திக்குத் தினமும் பஸ்.

போன வாரம் எங்கள் கரையைக் கட்டி முடித்தார்கள். குளத்தில் தண்ணீர் சேர்ந்தால் வாத்துகள் வீடு திரும்பும். ஆனால் மறுநாளே எங்கள் ஆட்கள் மறுகாலில் மணல்மூட்டை அடுக்கினார்கள்! சித்தி கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

விடிந்து பார்த்தால் ஒரு மூட்டை விடாமல் கிழிந்து, மணல் கொட்டிக் கிடந்தது. எலி என்றார்கள். எங்கள் ஊர் எலிக்குப் பிளேடு பிடிக்கத் தெரியும்.

சித்தி என் விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள்.

“மூதேவி, வந்து தின்னு” என்று அவித்த வாத்துமுட்டையை என் முன்னால் வைத்தாள்.