மூன்றாம் மாடிச் சைக்கிள்

எங்கள் வீட்டில் மூன்று பேர்: அக்கா, நான், அக்காவின் சைக்கிள். வீட்டு வேலையில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல், தினமும் துடைத்து எண்ணெய் போடப்படும் ராஜமரியாதை மூன்றாவது ஆளுக்குத்தான். என் தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே நிற்கும். தூக்கத்தில் புரண்டு படுத்தால் பெடல் விலாவில் இடிக்கும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அக்கா வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுவதும் அவள்தான். காலையில் அவள் வந்து ஊசி போட்ட பிறகுதான் வாயில் ஏதாவது வைக்க முடியும் என்று காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகள் நிறையப் பேர். எல்லாம் பஸ் நுழையாத சந்துகள். சைக்கிள் இல்லையென்றால் பாதிப் பேரைக் கைகழுவ வேண்டியதுதான். கோபமோ அவளுக்கு மூக்கு நுனியில். ஆனால் ஊசி வலிக்காமல் போடுவாள் என்று பெயர்.

முதல் சைக்கிள் எங்கள் கட்டடத்து முற்றத்திலிருந்து போனது. பின்சக்கரப் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்து நிம்மதியாகத் தூங்கினாள். பூட்டிய சைக்கிளை உருட்டத்தான் முடியாது, தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. திருடனுக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்த சைக்கிளோடு கனமான சங்கிலி ஒன்றும் வாங்கினாள். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில், மருந்து வாங்கும் அவசரத்தில், சங்கிலியை முன்சக்கரத்தில் மட்டும் கோத்துக் கம்பத்தோடு பூட்டிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது சங்கிலி பத்திரமாக இருந்தது. சக்கரமும் இருந்தது. மீதியைக் காணோம். சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். "என்ன ஊசியக்கா, சக்கரம் மட்டும் வருது?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டதற்கு, "மீதி பின்னால வருது" என்று சொல்லிவிட்டு மேலே வந்தவள், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சக்கரத்தை ஆணியடித்துச் சுவரில் மாட்டினாள். அதற்குக் கீழே என் தையல் துணிகளை வைக்காதே என்று எனக்கு உத்தரவு வேறு.

பிறகு கொஞ்ச நாள் நடந்தே வேலைக்குப் போனாள். அப்படிப் போன ஒரு காலையில், அவள் வரட்டும் என்று வெறும் வயிற்றோடு காத்திருந்த பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அக்கா அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போனாள்.

மூன்றாவது சைக்கிள் பழையதுதான், சக்கரம் முந்தையதன் அளவேதான். இந்தத் தடவை அவள் வேறு ஆள். சங்கிலி சட்டத்துக்குள்ளும் பின்சக்கரத்துக்குள்ளும் புகுந்து வரவேண்டும். கட்டுகிற கம்பியை முதலில் ஆட்டிப் பார்ப்பாள், அசைந்தால் வேறு இடம். சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். ஊசிமருந்து எடுக்கப் பையைத் திறந்தால் முதலில் சீட்டுதான் எட்டிப் பார்க்கும். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் தோளில் ஏற்றி மூன்று மாடியும் தூக்கி வருவாள்.

கட்டடச் சங்கச் செயலாளருக்கு அது பொறுக்கவில்லை. சுவரில் கிரீஸ் படுகிறதாம்.

"முற்றத்துல நிறுத்துங்கம்மா. அதுக்குத்தானே இடம் விட்டிருக்கோம்."

"அங்கேயிருந்துதானே சார் போச்சு."

"அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பேத்துக்க முடியாது."

"சரி, அப்போ நானே பொறுப்பேத்துக்கறேன். மாடியில."

மனிதர் முறைத்துக்கொண்டு போனார். அதோடு விட்டிருக்கலாம். ஒருநாள் காலை அக்கா சைக்கிளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, மறந்துபோன பஞ்சுப் பொட்டலத்தை எடுக்க மேலே ஓடி வந்தாள். அவள் திரும்பிப் போவதற்குள் அவர் தன்னுடைய புதுப் பூட்டையும் சங்கிலியையும் கொண்டுவந்து, சைக்கிளைப் படிக்கட்டுக் கம்பியோடு பூட்டிவிட்டார்.

"இனிமே மேலே ஏத்த மாட்டேன்னு சொல்லுங்க, திறந்து விடறேன். நான் குளிச்சிட்டு வர்றேன், அதுக்குள்ள யோசிச்சு வைங்க."

அக்கா பூட்டைப் பார்த்தாள். அவர் சங்கிலியை முன்சக்கரத்தில் மட்டும் கோத்திருந்தார்.

"ஏய்! ஆணியில இருக்கிற சக்கரத்தை எடுத்துட்டு வா! ஸ்பானரையும் கொண்டா!" என்று கீழிருந்து கத்தினாள். நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நட்டைக் கழற்றினாள். தண்ணீர் கேன் போட வந்த ஒருவர், எங்களை முன்பின் பார்த்திராதவர், கேனை இறக்கி வைத்துவிட்டு ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர், "கொஞ்சம் ஒதுங்குங்கம்மா" என்று தாண்டிப் போனார். வேறு சக்கரம் ஏறியது. அக்கா பறந்தாள். செயலாளர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, அவருடைய பூட்டில் வெறும் சக்கரம்தான் தொங்கியது.

சாயங்காலம் முற்றத்தில் கூட்டம் போட்டார். அக்கா சைக்கிளோடு வந்து சேர்ந்ததும் ஆரம்பித்தார்.

"பூட்டின வண்டியை எடுத்துட்டுப் போறது அராஜகம் இல்லையா? வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். இனி சைக்கிள் மாடி ஏறினா, நீங்க வீட்டைக் காலி பண்ணணும்."

இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது. அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. புதிதாக வந்தவரைப் பார்த்தாள்.

"காலையில நான் சக்கரத்தைக் கழட்டறப்போ பார்த்தீங்கல்ல? அது யாரு சைக்கிள்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் திருதிருவென்று விழித்தார். "தெரியாதும்மா. ஏதோ ரிப்பேர்னு நெனச்சேன்."

"கேட்டீங்களா சார்? பட்டப்பகல்ல, நடுப்படிக்கட்டுல, உங்க பூட்டுல இருந்து ஒரு சைக்கிளைக் கழட்டியிருக்கேன். ஒருத்தர் ஒதுங்கச் சொல்லிட்டுப் போறார். இன்னொருத்தர் பிடிச்சுக் குடுக்கறார். ஒருத்தர்கூட உங்க கதவைத் தட்டல. இந்த முற்றத்துலயா என் சைக்கிளை விடச் சொல்றீங்க?"

கீழ்வீட்டுக்காரர் முற்றத்து ஓரத்தில் நின்ற தன் சைக்கிளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பேச்சை மாத்தாதீங்க. நான் வீட்டுக்காரரை வரச் சொல்லுவேன்."

"தாராளமா வரச் சொல்லுங்க. சைக்கிள்ல வந்தார்னா மேலே தூக்கிட்டு வரச் சொல்லுங்க, எங்க வீட்டுல இடம் இருக்கு."

எங்கே இருக்கிறது இடம்? எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அக்கா சைக்கிளைத் தூக்கித் தோளில் ஏற்றினாள். செயலாளர் படிக்கட்டின் குறுக்கே நின்றுகொண்டார். காலையிலிருந்து ஊர் முழுக்க மிதித்துவிட்டு வந்தவள். சைக்கிள் அவள் தோளிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்தது. அந்தச் சனியனை அதுவரை நான் தொட்டதில்லை. போய்ப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

"தள்ளி நில்லுங்க சார்," என்றேன். "சட்டையில கிரீஸ் பட்டா நாங்க பொறுப்பேத்துக்க முடியாது."

அவர் தள்ளி நின்றார்.